லயத்து வீடும் ஸ்டெல்லாவின் கையெழுத்தும்

ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. கூரைத் தகரத்தில் அடித்த அடியில் ரேடியோ கேட்கவில்லை. ஏழரைக்கு எஸ்டேட் தேயிலை ஃபாக்டரி. இந்த மாதக் கடைசியோடு ரிட்டயர்மெண்ட். நான் போன பிறகு கொழுந்து உலர்த்தும் அந்த மெஷின் என்ன செய்யப்போகிறதோ. அதன் மூச்சு எனக்கு மட்டும்தான் புரியும். ஒருமுறை அது நின்று, கோயமுத்தூர் இன்ஜினியரே கையை விரித்தபோது, காதை வைத்துக் கேட்டு ஒரே தட்டு. ஓடியது. மேனேஜர் துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். (வெளியில் சொல்வது: கட்டிப்பிடித்து அழுதார்.)

ஸ்டெல்லாவுக்குக் கொச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. என் தங்கை மகள். தங்கை கண்ணை மூடியதிலிருந்து, நாலு வயது முதல், எங்கள் வீட்டில்தான். 11ஆம் தேதிக்குள் சம்மதம் அனுப்ப வேண்டுமாம். சம்பளம் கிடக்கட்டும், மற்றதெல்லாம் என்ன தருவான் என்றேன். போனைப் பார்த்து வாசித்தாள்.

மதியச் சாப்பாடு சும்மா.
வந்து கூட்டிப்போக ஏ.சி. வண்டி.
உடற்பயிற்சிக்கு ஒரு ரூம்.
பிறந்தநாளுக்கு லீவு.
ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ்.

"கம்பளி உண்டா?"

"கொச்சில கம்பளி எதுக்கு மாமா? வேர்த்தே செத்துருவேன்."

"விறகு?"

"மாமா!"

"அப்ப இது என்னட்டி கம்பெனி?"

மேரி அடுப்படியிலிருந்து: "நின்ன எடத்துலயே ஓடுறதுக்கு ஒரு ரூமாம்ல. முப்பது வருஷம் இந்த மலைய ஏறி எறங்கினேன், அதுக்கு ஒருத்தனும் சலுகைன்னு பேரு வைக்கலியே."

என் மனைவி வாயைத் திறந்தால் இப்படித்தான்.

ஜூலை 5, சனி

மழை விட்டு விட்டு. அட்டைக்கடி இரண்டு. மேரிக்கு முட்டித் தைலம் வாங்க மறந்தேன்.

நாள் முழுக்க அந்தப் பட்டியல்தான் மண்டையில். எங்கள் காலத்தில் எஸ்டேட் கொடுத்த கம்பளியை அந்தக் கொச்சிக்காரன் பார்த்திருக்க வேண்டும். என் தம்பி வெள்ளிக்கிழமை அதற்குள் புகுந்தால் ஞாயிறு பூசைக்குத்தான் வெளியே வருவான். கம்பளி வாங்கிய நாளில் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் புது ரோமத்தின் வாசனை. பிள்ளைகள் அதைப் போர்த்திக்கொண்டு பிஷப் மாதிரி வரிசையாக நடப்பார்கள். விறகு லாரி வந்தால் திருவிழா. நான் ஒரு மரத்தையே தோளில் வைத்துக்கொண்டு வருவேன். (பாதி மரம்.) மாதம் பிறந்தால் தேயிலைத்தூள். டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கும் கழுத்துப்பிடிப்புக்கும் ஒரே சிவப்பு மருந்து. குடித்தவன் எவனும் சாகவில்லை, எனக்குத் தெரிந்து.

இப்போது டிஸ்பென்சரி வாரத்தில் இரண்டு நாள். கம்பளி எப்போது நின்றது என்றே ஞாபகம் இல்லை. கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஆனாலும் வீடு வீடுதான். வீட்டுக்கு உள்ள வழக்கம்தான் தொல்லை: குடும்பத்தில் ஒருவர் பெயராவது எஸ்டேட் பதிவில் இருக்க வேண்டும். மேரி முட்டி போய் சென்ற வருஷமே வேலையை விட்டு நின்றாள். நானும் நின்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். அல்லது மகனோ மகளோ எஸ்டேட் வேலைக்குப் பெயர் பதிய வேண்டும்.

நேற்று ஆபீஸில் கிளார்க் குரியன், நாலு பேர் முன்னால் கேட்டான். "ஞானமுத்து சேட்டா, இனி எங்க போறீங்க?"

என் வாய் சும்மா இருக்குமா. "நான் ஏன் போறேன்? எம் மவ பேரு பதிவா. தொரையே அவளக் கேட்டு ஆளனுப்பினாரு" என்று சொல்லிவிட்டேன். துரை யாரையும் அனுப்பவில்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

மழை. குரியன் வேலைப் பதிவு ஃபாரத்தை வீட்டுக்கே அனுப்பிவிட்டான். நான் ஃபாக்டரியில். ஸ்டெல்லா வாங்கிப் படித்திருக்கிறாள்.

"மாமா, இதுல 'ஞானமுத்து மகள்'னு இருக்கு."

"ஆமா."

"எப்படி?"

சொல்ல வேண்டியதாயிற்று. அவள் வந்த வருஷம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் கிரீச்சில் தொழிலாளியின் சொந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் பால். தங்கை பிள்ளைக்குக் கிடையாது என்றார்கள். மற்ற பிள்ளைகள் குடிக்க, இவள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நேரே ஆபீசுக்குப் போய், "அது எம் மவதான், எழுதுங்க" என்றேன். அப்போதிருந்த கிளார்க் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னை ஒரு பார்வை. எழுதிக்கொண்டார். மறுநாள் முதல் பால்.

எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை என்று எஸ்டேட்டுக்கே தெரியும். ஆகவே ஞானமுத்துவுக்குக் கீழே கம்பம் ஊரில் ஒரு சின்னவீடு என்று பேச்சு கிளம்பியது. நான் மறுக்கவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மேரி குழாயடிக்குப் போகாமல் மூன்று மாதம், ஓடைத் தண்ணீர் சுமந்தாள்.

ஸ்டெல்லா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒரு டம்ளர் பாலுக்கா மாமா?"

"கம்பளியும் கெடச்சுதுட்டி."

ஜூலை 8, செவ்வாய்

ஸ்டெல்லா ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்துவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து கொழுந்து பறிக்க மலை.

மேரிக்கு என்னோடு பேச்சில்லை. சோறு மட்டும் வந்தது. வேகமாக வந்தது.

ஜூலை 9, புதன்

காலையில் வெயில் போல ஒன்று, அரை மணி நேரம்.

ஃபாக்டரி முடிந்து வந்தால், நடுவீட்டில் ஸ்டெல்லா நிற்கிறாள். இடுப்பைச் சுற்றி, ஈரம் படாமலிருக்கக் கொழுந்து பறிப்பவர்கள் கட்டும் பிளாஸ்டிக் படங்கு. மேரியினுடையது. மேரி அவள் பின்னால் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுகிறாள். கண்ணைத் தூக்கவே இல்லை.

"எப்படி மாமா இருக்கேன்?"

நான் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். போப்பாண்டவர் வந்தாலும் பேசுவேன். இன்று ஒழுகுகிற இடத்துச் சட்டியை எடுத்து வெளியில் ஊற்றினேன்.

பிறகு சொன்னேன். "கையெழுத்தத் திருப்பி வாங்கிரு."

"போட்டது போட்டதுதான். அத்த முட்டிய வச்சுக்கிட்டு எந்த வாடக வீட்டுல ஏறி எறங்குவாங்க? கொச்சி எங்கயும் ஓடிராது."

"கொச்சி ஓடாது. வேல ஓடிரும்."

"அப்ப நீங்க எதுக்கு எம் பேரச் சொன்னீங்க?"

மேரி முடிச்சை அவிழ்த்தாள். அது இறுகிக்கொண்டது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

படுத்தும் யோசனை. கம்பளி, விறகு, தூள், பால், வீடு. எல்லாம் வாங்கினேன், பொய்யில்லை. எங்கள் அப்பா வெறும் சாக்கோடு மலை ஏறியவர், நான் தகரக் கூரைக்குக் கீழே படுத்தேன். நல்ல காலம்தான். ஆனால் அந்தக் கூரைக்காக மேரி, ஒழுகினாலும் பேசாமல், முட்டி தேயும் வரை ஏறினாள். இப்போது அதே கூரைக்கு இவள். கொச்சிக்காரன் சாப்பாட்டில் என்ன மறைத்து வைத்திருக்கிறானோ, எனக்குத் தெரியாது. அதை அவளே போய்ப் பார்க்கட்டும். இந்தக் கூரையை எனக்குத் தெரியும்.

ஜூலை 10, வியாழன்

கனமழை. சட்டை மாற்றிக்கொண்டு ஆபீஸ். குரியன் தனியாக இல்லை, மூன்று பேர் வரிசையில்.

"குரியன், அந்தப் பதிவுல ஒரு தப்பு இருக்கு. ஸ்டெல்லா எம் மவ இல்ல. தங்கச்சி மவ."

குரியன் பேனாவை வைத்தான். மெதுவாக, "சேட்டா, அது ஆரும் கேக்கலயே. எனக்குக் காது கேக்கல. போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க" என்றான். நல்லவன்.

"காது கேக்குற மாதிரி சொல்லுதேன். எனக்குப் புள்ள கெடையாது. எழுது."

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இந்த வாயால் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், புலியை விரட்டியது உட்பட. எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்ததில்லை.

மகள் இல்லையென்றால் ஃபாரம் செல்லாது. சிவப்பு மையால் ஒரு கோடு. ஸ்டெல்லாவின் கையெழுத்து அந்தக் கோட்டுக்குக் கீழே அழகாகத்தான் இருந்தது.

வீட்டில் சொன்னேன். ஸ்டெல்லா எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். மேரி அரிசி பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"இத்தன வருஷமா வாய்க்கு வந்தத அளந்தீங்க, வீடு இருந்துச்சு. இன்னிக்கு ஒரு நெசம் சொன்னீங்க. போச்சு."

"கோவமா?"

"பெரியார் பஜாருக்குப் பின்னால தரையோட ஒரு வீடு காலியா இருக்காம். படி இல்லையாம். நான் திங்கக்கெழமையே கேட்டு வச்சுட்டேன்."

ஜூலை 11, வெள்ளி

தூறல். பக்கத்து வீட்டுப் புஷ்பம் காலையிலேயே வந்து மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகை. "அக்கா, அண்ணனுக்குக் கம்பத்துல ஆள் இருக்குன்னு நெனச்சு, நாங்க ஒன்னய என்னவெல்லாம் பேசினோம்."

"அவருக்கா? அந்தச் சாமர்த்தியம் இருந்தா நான் ஏன் கவலப்படுதேன்?" என்று மேரி. இருவரும் சிரித்த சிரிப்பு குழாயடி வரை கேட்டிருக்கும். எனக்குச் சற்று வருத்தம்தான்.

பகல் பதினொன்றுக்கு ஸ்டெல்லா செருப்பை மாட்டினாள். "கோயில் மேட்டுலதான் போனுக்கு ரேஞ்சு கிடைக்கும். கொட பிடிக்க ஆள் வேணும்" என்றாள், சுவரைப் பார்த்து.

ஏறினோம். மாதா சிலை நிற்கும் கெபி பக்கத்தில் போன் இரண்டு கட்டம் காட்டியது. போன் நனையாமல் குடை அவள் பக்கம், நான் மழையில். கொச்சி கம்பெனியின் ஃபாரம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. என்னென்னவோ கேட்டது. அப்பா பெயர் கேட்ட இடத்தில், தன்னைப் பெற்ற அப்பாவின் பெயரைச் சரியாக அடித்தாள். நான் எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"அழுத்தட்டுமா?"

"அழுத்து."

மறுபடியும் சுற்றியது. அவள் என் சட்டைக் கையை, சின்னப் பிள்ளையில் பிடிப்பது போல, இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சம்மதம் போயிருச்சு மாமா."