உன் படத்திறப்பில் என்னை மாட்டிவிட்டாயே, கோதண்டம்

என் அன்பு மச்சான் கோதண்டம்,

நீ போன துக்கத்தைவிட, வைத்துவிட்டுப் போன வம்புதான் என்னைப் படுத்துகிறது. உன் படத்திறப்பில் நான்தான் பேச வேண்டும் என்று உன் மனைவி மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

எங்கள் சபை மூப்பர்கள் வரிசையாக வந்தார்கள். "காரிய வூட்ல பாஸ்டருக்கு இன்னா வேல?" உங்கள் ஊர்க்காரர்களோ, "பாதிரியாரு ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டா இன்னா பண்றது?" என்றார்களாம். ஒரே பெஞ்சில் படித்த இரண்டு பேரை வைத்து இத்தனை பஞ்சாயத்து! கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஆனாலும் வந்தேன். படத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நெஞ்சு வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், இறால் சீசன் முடியட்டும் என்றாய். படகிலேயே சாய்ந்துவிட்டாய். ஏரியில் போன உயிர், நல்ல சாவு என்கிறது ஊர். யாருக்கு நல்லது? மல்லிகா பச்சைத் தண்ணீரில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ அடக்க ஆராதனை நடத்தியவன் நான். மைக்கைப் பிடித்ததும் பரலோகத்தைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. "இவன் மேல எனக்குக் கோவம். யார் சொல்லியும் கேக்கல. இனி நான் யார்கிட்ட சண்ட போடுவேன்?" என்றேன். அதற்குமேல் அழுகைதான்.

கூட்டத்திலிருந்து மல்லிகா எழுந்தாள். "எனுக்கும் கோவம்தாண்ணா! ஆளாளுக்கு குடுத்து வச்சவருன்றாங்க. கோவப்படக்கூடாதுன்னு வாய மூடினு இருந்தேன்." உன் படத்தைப் பார்த்துத் திட்டித் திட்டி அழுதாள்.

பிறகு என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் முறை ரசம் கேட்டாள். அப்போது எனக்குள் வந்ததற்குச் சந்தோஷம் என்றுதான் பெயர் வைக்க முடிகிறது. சாவு வீட்டில் அது வரலாமா, மச்சான்? ஞாயிறுதோறும் சந்தோஷத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவனுக்கே இது தெரியவில்லையே.

உன் மகள் மீஞ்சூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "எனுக்குக் கூடப் பொறந்தவங்க யாரு இருக்காங்க? தாய்மாமன் சீரு நீங்கதாண்ணா கொண்டாரணும்" என்கிறாள் மல்லிகா. மூப்பர்கள் காதுக்கு இது இன்னும் எட்டவில்லை.

எட்டட்டும். பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக, மேளத்துக்குப் பின்னால் நான் நடந்து வருவேன். இது உறுதி.

உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
சாமுவேல்