உங்கள் நீலச் சட்டை

தூரத்தில் இருக்கும் உங்களுக்கு,

நேற்றும் காய்ச்சல். விடியற்காலையில் அறை முழுக்க வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்து, கட்டில் மெல்ல மிதந்தது. வீங்கிய விரல்கள் யாருடையவையோ போலப் போர்வையின் மேல் கிடந்தன. பயமாக இல்லை, அழகாகவே இருந்தது.

புற்றுநோய்க்காக எடுத்த மார்புக்குப் பதிலாக வைத்த சிலிகானை நாளை எடுத்துவிடுகிறார்கள். அம்மாவின் தைராய்டு, தங்கையின் மூட்டுவலி எல்லாவற்றையும் மருத்துவர் விசாரித்தார்.

"சிலரோட உடம்பு பிறவியிலேயே சந்தேகப் பேர்வழிம்மா. இந்த சிலிகான் உள்ள போனதும் தன்னையே அடிச்சுக்க ஆரம்பிச்சிடும். அதான் இந்தக் காய்ச்சலும் வீக்கமும்."

"எடுத்தா சரியாயிடுமா?"

"நிறைய பேருக்குக் குறையுது. சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்."

அதனால்தான் அவரை நம்பினேன்.

போனில் சொன்னபோது, "வீட்ல ஒரு சந்தேகப் பேர்வழி போதாதா?" என்று சிரித்தீர்கள். பிறகு தயங்கி, "வேற ஏதாவது வைப்பாங்களா?" என்றீர்கள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

வைக்க மாட்டார்கள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை வரும்போது பழம், பூ எதுவும் வேண்டாம். கொஞ்ச நாள் கையைத் தூக்க முடியாதாம். உங்களுடைய பழைய நீலச் சட்டையைக் கொண்டு வாருங்கள். பொத்தான்களை நீங்கள்தான் போட்டுவிட வேண்டும். அப்போது விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும்.

உங்கள் வீட்டுச் சந்தேகப் பேர்வழி