தேயிலைக் கட்டையில் நீ செய்த சார்ஜர்

இன்று காலை எஸ்டேட் பெரட்டில் வேலைக்கு ஆள் எண்ணும்போது, ஆபீஸிலிருந்து புதுச் சார்ஜர் வந்தது. ஆறு வாக்கி டாக்கிகளை வரிசையாக நிறுத்தலாம். கங்காணி அதைத் தட்டிக் காட்டி, புதிதாக வந்தவர்களுக்கு உன் கதையைச் சொன்னார். "சொந்தமா சார்ஜர் செஞ்சான் ஒருத்தன். அதை நம்பியே செத்தான்." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நீ போய் மூன்று வருடமாகிறது. இனி நீ யாரிடமும் சொல்ல மாட்டாய் என்பதால்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.

ஸ்டோரிலிருந்த பழைய சார்ஜரின் கூடு உடைந்தபோது, புதிது வரும்வரை பொறு என்றார்கள். நீ பொறுக்கவில்லை. பிடுங்கிப்போட்ட தேயிலைச் செடியின் அடிக்கட்டையைக் குடைந்து, வாக்கி டாக்கி நிற்க ஒரு குழி செய்தாய். அதில் டார்ச்லைட் ஸ்பிரிங் இரண்டைப் பதித்து, பழைய சார்ஜரின் உள்பாகத்தைப் பின்னால் பொருத்தினாய். பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. பிளக்கில் கரண்ட் வந்தால் அது எரியும். சார்ஜ் ஏறுகிறதா என்று அதற்குத் தெரியாது. அந்த விளக்கை நீ நம்பினாய்.

துரையே வந்து பார்த்து, "கெட்டிக்காரன் லா இவன்" என்றார். பள்ளத்தாக்குத் தண்ணீர்க் குழாய் பார்க்கும் வேலையும் ஒரு வாக்கி டாக்கியும் உனக்குக் கிடைத்தன. ஒன்பது வருடமாக நான் காத்திருந்த வேலை அது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு மாலை, சார்ஜ் ஏறாதபடி ஸ்பிரிங்மேல் நகக்கண் அளவு டேப் ஒட்டினேன். மறுநாள் பாதி வேலையில் வாக்கி டாக்கி அணைந்துபோகும், நீ அசடு வழிய மேலே ஏறி வருவாய், எல்லோரும் சிரிப்போம். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை. காலையில் மிச்சமிருந்த சார்ஜில் பேசிப் பார்த்தாய். கேட்டது. இறங்கிப் போனாய்.

பத்து மணிக்கு மேல் மழை. போன் லைன் கிடைக்காத அந்தப் பள்ளத்தில் மண் சரிந்து உன்னை இடுப்புவரை மூடியிருக்கிறது. நாங்கள் மலைக்கு இந்தப் பக்கம் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். பொழுது சாயும் நேரத்தில்தான் உன்னைத் தேடினோம். கண்டெடுத்தபோது உயிர் இல்லை; உடம்புச் சூடு மட்டும் இன்னும் ஆறியிருக்கவில்லை. கட்டைவிரல் வாக்கி டாக்கியின் பொத்தான்மேலேயே இருந்தது.

தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு உன்னை லோரியில் ஏற்றிவிட்டு, நான் ஸ்டோருக்கு ஓடினேன். முதலில் டேப்பை உரித்தேன். பிறகுதான் அழுதேன்.

காரியம் முடிந்ததும் உன் மனைவி அந்தக் கட்டையை என்முன் கொண்டுவந்து வைத்தாள்.

"பத்துத் தடவ சோதிச்சாரு அண்ணே. எங்க தப்பு விட்டாரு?"

எல்லாம் தெரிந்தவன்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஸ்பிரிங் சரியா தொடலம்மா" என்றேன். அவள் உன்னைத் திட்டித் திட்டி அழுதாள். ஆறுதல் சொன்னவனும் நான்தான்.

அடுத்த வாரமே பள்ளத்தாக்கு வேலை எனக்கு வந்தது. உன் வாக்கி டாக்கிதான் இன்றும் என் இடுப்பில் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கியதும், வேலை எதுவும் இல்லாவிட்டாலும் பொத்தானை அமுக்கி, "கேக்குதா?" என்பேன். மேலிருந்து யாராவது பதில் சொல்லும்வரை எனக்கு மூச்சு வராது.