பிரசவ வார்டு வாசலுக்கு அந்தச் செவிலியரையே திரும்ப அனுப்பக் கோரி

அனுப்புநர்:
தையற்காரர் (பச்சிளங்குழந்தையின் தாய்மாமன்),
கடைத்தெரு.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல், என் மீதே புகார் கொடுத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தங்கையின் பிரசவத்தின்போது, வார்டு வாசலில் செவிலியர் என்னை அவமதித்ததாகப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவன் நான்தான். சட்டையைவிடப் புகாரை நன்றாகத் தைப்பேன் என்று எங்கள் தெருவில் எனக்குப் பெயர்.

2. நடந்தது இதுதான். ஊசி குத்தி என் ஆள்காட்டி விரல் சீழ் பிடித்திருந்தது. அதைக் கண்ட அவர், "அண்ணே, இந்த விரலோட பச்சப்புள்ளகிட்டப் போகக் கூடாது. கண்ணாடி வழியாப் பாத்துக்கோங்க" என்றார். அதில் தவறாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் மானம் கப்பலேறியது. 'மரியாதைக் குறைவு' என்று நான் எழுதியது அதைத்தான்.

3. தாங்கள் அவரைத் துணிக்கிடங்குக்கு மாற்றினீர்கள். என் வாழ்நாளில் உடனே பலித்த மனு அது ஒன்றே. மறுநாள் வாசலில் ஆளில்லை. ராஜா மாதிரி உள்ளே போனேன். கைகூடக் கழுவவில்லை. குழந்தை அழுதது, விரலை வாயில் கொடுத்தேன். சப்பிச் சப்பி அடங்கியது. மாமனை அடையாளம் தெரிந்துவிட்டது என்று வார்டு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

4. பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது, பால் குடிக்கவில்லை. இரத்தத்தில் கிருமி என்றார்கள். என் விரலிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர், பெரிய மனதுடன். என் தங்கைக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. "மனு எழுதறதுல நீ கெட்டிக்காரனாச்சே அண்ணா, அந்த நர்ஸம்மாவுக்கு ஒண்ணு எழுது" என்றாள். அதற்குப் பின் என்னோடு பேசவில்லை.

5. மன்னிப்புக் கேட்கக் கிடங்குக்குப் போனேன். மூட்டைகட்டி வைத்திருந்த வார்த்தைகளை நான் அவிழ்ப்பதற்குள், அவர் மடித்துக்கொண்டிருந்த விரிப்பை வைத்துவிட்டு, விரலைக் காட்டச் சொல்லிக் கட்டுப் போட்டுவிட்டார்.

6. ஆகவே அவரை மீண்டும் வாசலில் அமர்த்தி, பக்கத்தில் ஒரு குழாயும் சோப்பும் வைத்து, கழுவாத கையோடும் புண்ணோடும் வருபவர் எந்த முறை உறவானாலும் திருப்பி அனுப்ப உத்தரவிடுமாறு தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். முதலில் என்னையே அனுப்பட்டும்.

இடம்: தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே
நாள்: குழந்தை மறுபடி பால் குடித்த நாள்

இப்படிக்கு,
தாய்மாமன்
(வலது கையில் கட்டு இருப்பதால் இடது கையால் ஒப்பமிட்டிருக்கிறேன். கோணலாக இருப்பதைப் பொறுத்தருள்க.)