காய்ச்சலில் கிடக்கும் என் மகளுக்காக டாக்டர் நேரில் வரவேண்டி

அனுப்புநர்
ம. ஏசுபாதம்,
கம்பெனி பஸ் ஓட்டுநர்,
சவுக்குத்தோப்புத் தெரு,
மணற்காடு, மாமல்லபுரம் வழி.

பெறுநர்
வட்டார மருத்துவ அலுவலர் அவர்கள்,
அரசு ஆரம்ப சுகாதார நிலையம்,
மணற்காடு.

பொருள்: பன்றிக் காய்ச்சல் மாத்திரை – முகாமில் உட்கொள்ளும் முறை சொல்லப்படாதது – மகன் பாதிக்கப்பட்டது – தற்போது காய்ச்சலில் உள்ள மகளுக்குச் சரியான அளவு மருந்து வழங்கவும், என் மனைவியிடம் நேரில் விளக்கவும் கோருதல் – மிக அவசரம்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறேன். என் மனைவி பெயர் செல்லம்மா. மகன் ஸ்டான்லி ஒன்பதாம் வகுப்பு, மகள் ஜாய்ஸ் ஒன்றாம் வகுப்பு. ஜாய்ஸ் கைக்குழந்தையிலிருந்தே மூச்சு இளைப்புக்காரி. அவளுக்கு நேற்று மதியம் முதல் கடும் காய்ச்சல். இளைப்பு இன்னும் தொடங்கவில்லை. எந்த நேரமும் தொடங்கிவிடலாம்.

2. இம்மாதத் தொடக்கத்தில் ஸ்டான்லியின் வகுப்புப் பையனுக்குப் பன்றிக் காய்ச்சல் உறுதியாகி, இவனுக்கும் காய்ச்சல் கண்டதும், எங்கள் தெருவில் முகாம் போட்டார்கள். வந்தவர்கள் முகமூடியும் கையுறையுமாக எட்டி நின்றே மாத்திரையை நீட்டினார்கள். அட்டையில் ஒசெல்டாமிவிர் என்று எழுதியிருந்தது. காலையில் ஒன்று, இரவு ஒன்று என்றார்கள். சாப்பிட்டபின் கொடு என்றோ, வாந்தி வரலாம் என்றோ, பிள்ளையைக் கவனித்துக்கொண்டிரு என்றோ ஒரு வார்த்தை இல்லை. வேன் புறப்படுகிற அவசரம் அவர்களுக்கு.

3. எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் வயிற்றைக் காயப்போடுவது வழக்கம். என் மனைவியும் அப்படியே வெறும் கஞ்சித் தண்ணீர் கொடுத்து, அதன்மேல் மாத்திரையைக் கொடுத்தாள். பையன் வாந்தி எடுத்தான். மருந்து வெளியே வந்துவிட்டதே என்று உடனே இன்னொன்றைக் கொடுத்தாள். கேட்டுக்கொள்ள யாரும் இல்லாதபோது ஒரு தாய் வேறென்ன செய்வாள் என்பதைத் தாங்களே யோசிக்க வேண்டுகிறேன்.

4. மறுநாள் விடியற்காலை நான் டூட்டிக்குப் போனபின், ஸ்டான்லி புத்தகப் பையை மாட்டிக்கொண்டு கடலை நோக்கி நடந்திருக்கிறான். "நைனா பஸ்ஸு தண்ணியில நிக்குது, ஆரன் அடிச்சிகினே கீது" என்று சொல்லிக்கொண்டே இறங்கியவனை, இடுப்பளவுத் தண்ணீரில் கட்டிப்பிடித்து இழுத்து வந்தவள் என் மனைவி. தாயையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது.

5. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாளில் தெளிந்தான். இன்று நன்றாக இருக்கிறான், நடந்தது எதுவும் நினைவில்லை. அங்கிருந்த டாக்டர் என்னிடம் சொன்னது: கடும் காய்ச்சலிலேயே இப்படிப் புத்தி தடுமாறுவதுண்டு, அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு இந்த மாத்திரை சாப்பிடும்போதும் வரலாம், உங்கள் பையனுக்கு எதனால் என்று அடித்துச் சொல்ல முடியாது, உணவோடு கொடுத்தால் வாந்தி குறையும், வாந்தி எடுத்தால் கேட்காமல் அடுத்ததைக் கொடுக்காதே, பிள்ளையைத் தனியே விடாதே, அதற்காக, இளைப்பு உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடாதே, முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். தனி வார்டு என்பதால் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். இத்தனையையும் கேட்டது நான். என் மனைவி கேட்கவில்லை. அவள் கண்டது கடல் ஒன்றைத்தான்.

6. இப்போது ஜாய்ஸுக்கு மாத்திரை என்று நான் வாயைத் திறந்தாலே, அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உள்தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள். "காய்ச்சல்ல போச்சின்னா ஆண்டவன் எடுத்துகினான்னு அழுதுகினு கெடப்பேன். என் கையால குடுத்துப் போச்சின்னா நான் இன்னா சொல்லி அழுவேன்?" என்று கேட்கிறாள்.

7. இன்று காலை தங்கள் நிலையத்துக்கு வந்தேன். தாங்கள் கூட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர், "அண்ணனுக்குக் குடுத்ததுல மிச்சம் கீதுல்ல, அதையே பாதியா பிரிச்சிக் குடு, போ" என்றார். பெரிய பையனுக்குத் தந்ததைப் பிரித்து ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க எந்த அளவு என்று நான் கண்டேன்? பஸ்ஸுக்கு டீசல் ஊற்றுவதற்குக்கூட அளவு பார்த்துத்தான் ஊற்றுகிறோம். அந்த மிச்சம் என் சட்டைப் பையில் அப்படியே இருக்கிறது. அதைத் தங்களிடமே ஒப்படைத்துவிடுகிறேன்.

8. கதவை உடைத்து, பிள்ளையின் வாயில் மருந்தைப் போட என் கையில் பலம் இருக்கிறது. வெல்லப்பாகில் கலந்து ஏமாற்றிக் கொடுக்கவும் நினைத்தேன். செய்யவில்லை. பிள்ளைக்கு முதலில் சோறூட்டி, பிறகு மருந்து கொடுத்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவள் அவள்தான். அவளை ஏமாற்றிவிட்டு நான் யாரிடம் பிள்ளையை விடுவது?

9. ஸ்டான்லிக்கு நடந்ததைப் பார்த்து எங்கள் தெருவில் பலர் மாத்திரையைக் கால்வாயில் போட்டுவிட்டார்கள். மருந்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்களே, அதன் மேல்தான் கோபம்.

ஆகவே அய்யா, தாங்களோ தாங்கள் அனுப்பும் டாக்டரோ இன்று பொழுது சாய்வதற்குள் வந்து, ஜாய்ஸைப் பரிசோதித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமா, வீட்டிலேயே பார்க்கலாமா என்று சொல்லி, அவள் எடைக்குத் தகுந்த மருந்தைத் தந்து, நல்லது கெட்டது இரண்டையும் ஒளிக்காமல் என் மனைவியிடம் எடுத்துச் சொல்லும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நாளை மதியத்தோடு டாக்டர் சொன்ன இரண்டு நாள் முடிகிறது. தாங்கள் வரும்வரை நிலையத்தின் வாசலிலேயே நிற்பேன். முகமூடி போட்டிருக்கிறேன், யாரும் பயப்பட வேண்டாம்.

இம்மனுவை வீட்டு ஜன்னல் வழியாக என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் எழுதியதையும் அப்படியே சேர்த்திருக்கிறேன்.

இடம்: மணற்காடு
நாள்: 24.08.2009

தங்கள் உண்மையுள்ள,
ம. ஏசுபாதம்

டாக்டர் அய்யாவுக்கு செல்லம்மா எழுதுவது. நீங்க வந்து என் மூஞ்சியப் பாத்து சொன்னா நானே என் கையால குடுக்கறேன். ஆனா குடுத்த பிறகு யாராவது ஒருத்தர் என் கூட ஒக்காந்து அவளைப் பாத்துக்கணும். இவரு டூட்டிக்குப் போய்டுவாரு. இன்னொரு வாட்டி நான் ஒண்டியா தண்ணியில எறங்க முடியாது.