துண்டுச்சீட்டில் விட்ட வரி

2024 டிசம்பர் 27, வெள்ளி

காலையில் சுடலையம்மாளும் அவர் வீட்டுக்காரர் வெயிலுமுத்துவும் வந்தார்கள். கடம்பூரிலிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர், மானாவாரி ஊர். மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து புண்ணும் ஆறிவிட்டது. இனி மதுரையில் இருபத்தைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். வாராவாரம் திங்கள்கிழமை போய் அங்கேயே சத்திரத்தில் தங்கி, வெள்ளி சாயங்காலம் திரும்ப வேண்டும்.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு எழுதித் தருகிற வழக்கம்போல் துண்டுச்சீட்டு எழுதினேன். எந்த பஸ், மாட்டுத்தாவணியில் எந்தப் பக்கம் இறங்குவது, ஆஸ்பத்திரியில் எந்த வாசல், யாரைக் கேட்பது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆஸ்பத்திரியில் வெளியூர் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் சத்யபிரியா போனில் வந்தாள். "நேத்து அளவெடுத்து மார்பில மையால கோடு போட்டிருக்கோம் சார். அது அழியக் கூடாது. அதையும் எழுதிருங்க."

அந்த அம்மா எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வெயிலுமுத்து சீட்டைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொன்னார்.

கடைசி வரியாக எழுதினேன்: 'அந்த இடத்தில் சோப்பு போடக் கூடாது.'

டிசம்பர் 30, திங்கள்

காலை பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டேன். டைம் கீப்பர் அய்யாத்துரை கண்டக்டரைக் கூப்பிட்டு, "ஏலே, அண்ணாச்சி கவரு. பத்திரமா கொண்டு சேர்க்கணும்" என்றார். சுடலையம்மாள் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார். தன்னைக் கவர் என்றது எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அய்யாத்துரை கண்டக்டராகவும் நான் பத்திரிகை நிருபராகவும் இருந்த காலத்தில், தினமும் நாலரை மணி பஸ்ஸில் என் செய்திக் கவர் அவர் கையில்தான் மதுரைக்குப் போகும். பழுப்புக் கவர், மேலே சிவப்பு மையில் 'அவசரம் – செய்தி'. படம் இருந்தால் பிலிம் ரோலைத் தீப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கவருக்குள் வைப்பேன். ரோல் அளவுக்கென்றே பெரிய பெட்டியாக, எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்கிற தொழிற்சாலை ஒன்றில் செய்து தந்தார்கள். அந்தக் கவர் பஸ்ஸோடு போவதைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன். அந்த டீயின் ருசி பிறகு எந்த டீக்கும் இல்லை.

ஒரு தடவை அய்யாத்துரை கவர் இருந்த பையை மாற்றி வைத்ததில் செய்தி திண்டுக்கல் வரை போய்த் திரும்பியது. ஒரு நாள் தாமதம். பஸ் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினேன். இன்றைக்கு அது ஞாபகம் வந்து, நானே போய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "என்ன அண்ணாச்சி, காரியம் இருக்கா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜனவரி 3

புத்தாண்டு லீவு போக, நாலு நாள் கரண்ட் ஆயிற்று. சாப்பாடு இறங்குகிறதாம். வெயிலுமுத்துவுக்குத்தான் சத்திரத்துச் சாம்பார் பிடிக்கவில்லை.

ஜனவரி 13, திங்கள்

பத்து முடிந்தது. பொங்கலுக்கு அனுப்பிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை திரும்பிப் போக வேண்டும். சுடலையம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, "உளுந்து பிடுங்கியாச்சான்னு கேட்டியளா?" என்று வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். நல்ல அறிகுறி.

ஜனவரி 17, வெள்ளி

சத்யபிரியா போன். கோடு இல்லை. ஒரு கோடுகூட இல்லையாம்.

மறுபடி ஸ்கேன் எடுத்து, அளவெடுத்து, புதிதாகக் கோடு போட்ட பிறகுதான் மீதிப் பதினைந்தும். புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் இப்படி நாள் விழுவது நல்லதில்லை என்று டாக்டர் சொன்னாராம். பாதியில் விட்டால் கட்டி திரும்ப வர வாய்ப்பு உண்டு என்றும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெயிலுமுத்து சீட்டை என் கையில் வைத்தார். மடிப்பு கிழிந்திருந்தது. "நீங்க எழுதினதத்தான் அண்ணாச்சி செஞ்சா. சோப்பே தொடல. பொங்கலன்னைக்கு பயத்தம் மாவுதான் தேச்சுக் குளிச்சா. கெடாவுக்குச் சாயம் பூசின மாதிரி மையோட நின்னு பொங்கப்பானைய எப்படித் தொடுததுன்னு, நல்லா அழுத்தித் தேச்சிருக்கா."

சுடலையம்மாள் என்னைப் பார்க்கவில்லை. "நான் இனிமே போகல" என்றார். அவ்வளவுதான்.

யார், எங்கே, எப்போது – எல்லாம் இருக்கிறது அந்தச் சீட்டில். ஏன் என்பது மட்டும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் நிருபர் வேலை பார்த்தவன். மார்பில் இருக்கும் மை அழியக் கூடாது என்று எழுத என்ன கூச்சம்? எழுதியிருந்தால் என்ன, செத்தா போயிருப்பேன்?

ஜனவரி 18

சுகுணாவிடம் சொன்னேன். என் மனைவி சாதாரணமாகக் கோபப்படுகிறவள் இல்லை.

"ஒரு பொம்பளைக்கு மார்ல கோடு போட்டிருக்குன்னா அத வீட்ல இருக்கிற பொம்பளகிட்ட சொல்லத் தோணலையா? போனை எங்கிட்ட குடுத்திருந்தா ரெண்டு நிமிசத்துல சொல்லியிருப்பேன்லா. நீங்க இன்னும் கவருதான் அனுப்பிக்கிட்டு இருக்கீக. கவருக்கு வெக்கம் உண்டா?"



ஜனவரி 19, ஞாயிறு

சுகுணாவோடு அவர்கள் ஊருக்குப் போனேன். கடம்பூரில் இறங்கி மினி பஸ். ரோட்டின் இரண்டு பக்கமும் அறுத்த நிலம், கரிசல் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. இதே ரோட்டில் சைக்கிளில் வறட்சிச் செய்திக்கு எத்தனை தடவை வந்திருப்பேன்! வெடிப்புக்குள் ஒரு சாண் குச்சியை விட்டுப் படம் எடுப்பது அப்போது நிருபர்கள் எங்களுக்குள் பழக்கம். அந்த நிலங்களில் பாடுபட்ட சம்சாரிகளின் முகம் ஒன்றும் நினைவில் இல்லை. குச்சிதான் நினைவிருக்கிறது.

வீட்டு முற்றத்தில் உளுந்துச் செடி காய்ந்துகொண்டிருந்தது. சுடலையம்மாள் கம்பால் புரட்டிக்கொண்டிருந்தார். இடது கையால்தான், ஆபரேஷனுக்குப் பிறகு வலது கை அவ்வளவாகத் தூக்க வரவில்லை. எங்களைப் பார்த்ததும், "காப்பி போடுதேன். ஆனா போகச் சொல்லாதீக" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். சுகுணா தடுத்தாள். "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் அங்கன போய் நில்லுங்க."

நானும் வெயிலுமுத்துவும் புஞ்சை ஓரத்தில் போய் நின்றோம். அவர் சொன்னார்: "பானைக்கு முன்னால அழிஞ்சிட்டுன்னா சாமிக்கே இது வேண்டாம் போலன்னு சொல்லுதா. ஆனா அது இல்ல அண்ணாச்சி. மறுபடி அங்கன போய்ச் சட்டையக் கழத்திட்டு நிக்கணுமே... எங்கிட்டகூட அந்தக் கோட்ட அவ காட்டல." கொஞ்சம் கழித்து, "அவ இல்லாம உளுந்து வெச்சு நான் என்ன செய்யப்போறேன்" என்றார். குரல் மாறவில்லை. கீழே கிடந்த ஒரு செடியை எடுத்துக் காய்களை உருவிக்கொண்டே இருந்தார்.

அரை மணி நேரம் இருக்கும். உள்ளே யாரோ அழும் சத்தம். பிறகு இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "என்ன சொன்னே?"

"அந்த மை எதுக்குன்னு சொன்னேன். கரண்டு எந்த இடத்துல படணும், எந்த இடத்துல படக் கூடாதுன்னு அதப் பாத்துத்தான் வெப்பாக, அது இல்லேன்னா நெஞ்சுல பட்டுரும்னு. 'இத ஒருத்தரும் சொல்லலையே மதினி'ன்னா."

"அதுக்கா சிரிச்சீங்க?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

ஜனவரி 22, புதன்

போனார்கள். இந்தத் தடவை வெயிலுமுத்து பின் சீட்டில். சுடலையம்மாள் பக்கத்தில் சுகுணா.

பிப்ரவரி 18

இருபத்தைந்தும் முடிந்தது. மூன்று மாதம் கழித்துச் செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 10, திங்கள்

புதியம்புத்தூரிலிருந்து அமுதவள்ளி என்று ஒரு பெண். ஆயத்த ஆடை தைக்கிறவள். அதே சீக்கு, அதே ஆஸ்பத்திரி, போன வாரம் கோடு போட்டாயிற்று. காலை பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருந்தேன்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது சுடலையம்மாள் எனக்கு முன்பே வந்து நின்றார். மடியில் ஒரு பொட்டலம் உளுந்து, சுகுணாவுக்கு. சுகுணா போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

சீட்டு எழுதினேன். பஸ், வாசல், ஆள். கடைசி வரிக்கு வந்ததும் இந்தத் தடவை தெளிவாகவே எழுதிவிடலாம் என்று, 'மார்பில்' என்று தொடங்கினேன். சுடலையம்மாள் சீட்டை உருவிக்கொண்டார்.

"அத நான் சொல்லிக்கிடுதேன். நீங்க கொஞ்சம் அங்கன போய் நில்லுங்க அண்ணாச்சி."

போய் நின்றேன். அய்யாத்துரை விசில் ஊதினார். பஸ்ஸில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த சுடலையம்மாள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து ஏதோ சொல்ல, அமுதவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ் நகர்ந்தது. சுடலையம்மாள் இறங்கவில்லை.

டீ வாங்கிக் குடித்தேன்.