பாட்டின் மறுபாதி

லாஸ் ஏஞ்சலஸ்
14 ஜனவரி 1938

அன்புள்ள லூவீனியா அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று எனக்கு எப்படித் தெரியும்? போன கடிதத்தில் சிகாகோ பனியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய், உன் பார்லருக்கு வரும் பெண்களின் தலைமுடியைப் பற்றி இன்னொரு பக்கம். உன்னைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இந்தப் படத்திலும் எனக்கு வேலைக்காரி வேஷம்தான். கதாநாயகி அழும்போது சூப் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒரு பாட்டும் உண்டு, துணி துவைத்துக்கொண்டே. டைரக்டர், "டெல்லா, இன்னும் கொஞ்சம் சந்தோஷமாத் துவையேன்" என்றார். "ஐயா, சந்தோஷமாத் துவைக்கிறவளை நீங்க எங்க பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். விளக்குப் பிடிக்கிறவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பரவாயில்லை. சேதியைக் கேள். நியூயார்க்கில் ஒரு பெரிய நாடகத்துக்கு நான்தான் கதாநாயகி! வாசலில் விளக்கு எழுத்தில் என் பெயர், முதலில், தனியாக. அந்த அரங்கில் நம் கறுப்பினத்துப் பெண் ஒருத்திக்கும் இதுவரை அப்படி எரிந்ததில்லை. கூடாரக் கச்சேரியில் சேற்றில் நின்று பாடிய கால்கள் இவை, அக்கா.

இரண்டாம் அங்கத்தில் ஒரு பாட்டு என் விருப்பம் என்கிறார்கள். அம்மா பாடுவாளே, அந்தப் பாட்டை எடுக்கப் போகிறேன். அவள் ஓர் அடி பாடினால் பதில் அடி ஒன்று வருமே, அது எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. உனக்கு நினைவிருக்கும். எழுதி அனுப்பு.

உன் அன்புத் தங்கை,
ஆர்டெல்லா

சிகாகோ
2 பிப்ரவரி 1938

டெல்லா கண்ணே,

உன் கடிதத்தைப் பார்லரில் உரக்கப் படித்தேன். வாடிக்கைக்காரிகள் பாதி சுருட்டிய தலையோடு எழுந்து நின்று கை தட்டினார்கள். என் உதவிக்கு இருக்கும் பெர்னிஸ், "இனிமே உங்க தங்கச்சி நம்மகிட்டல்லாம் பேசுவாங்களா?" என்றாள். "அவ என்கூடச் சண்டை போடாம ஒரு வாரம் இருக்கமாட்டா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் உனக்காக ஜெபித்தார்கள். பாட்டுக்குழுத் தலைவி என்னை இடித்து, "தங்கச்சிக்கு அப்படி ஒரு தொண்டையைக் குடுத்த கர்த்தர் உனக்கு மட்டும் ஏன் கஞ்சத்தனம் பண்ணிட்டார்?" என்று கேட்டாள். சிரித்து வைத்தேன்.

பதில் அடி எனக்கு நினைவில்லை. இனிக் கேட்காதே. வேறு பாட்டா இல்லை?

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
லூவீனியா

நியூயார்க்
20 நவம்பர் 1938

அன்புள்ள அக்கா,

நீ நாடகம் பார்க்க வரவே இல்லை. ரயில் ஒத்துக்கொள்ளாது என்கிறாய், நம்புகிறேன் என்று வைத்துக்கொள்.

அம்மாவின் பாட்டைப் பாதியாகவே பாடுகிறேன். ஓர் அடி பாடிவிட்டு, பதில் வர வேண்டிய இடத்தில் சும்மா நிற்கிறேன். அந்த நிசப்தத்தில்தான் ஜனங்கள் அழுகிறார்கள்.

வசந்தத்தில் தெற்கே கச்சேரிப் பயணம். நீ உட்கார்ந்துகொண்டு படி. அதில் ஆர்லன் ஃபெரியும் இருக்கிறது. நம் ஊர். அதே ஓபரா அரங்கம். நாம் சிறுமிகளாக மாட்டிக்கொண்ட அந்தத் தீ அணைந்த பிறகு, நம் ஜனங்கள் உட்காரும் பால்கனியின் படிகளைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்களாம். அன்றிலிருந்து நம் ஜனங்களை உள்ளேயே விடுவதில்லையாம். கீழ்த்தளத்தில் பாதி எங்களுக்கு, இல்லையென்றால் பாடமாட்டேன் என்று எழுதினேன். இரண்டு மாதம் இழுத்தடித்து ஒத்துக்கொண்டார்கள்.

எனக்கு அப்போது ஆறு வயது. புகை ஞாபகம் இருக்கிறது. நீ என்னைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிக் கீழே நின்ற யாரோ ஒருவர் கைகளில் போட்டது ஞாபகம் இருக்கிறது. அம்மா ஏன் வரவில்லை என்று மட்டும் நீ இன்றுவரை சொன்னதில்லை.

டெல்லா

சிகாகோ
27 நவம்பர் 1938

டெல்லா,

போகாதே.

நாம் கீழே இறங்கி வெள்ளையர் கூடத்தில் கலந்துவிடக் கூடாது என்று ஆட்டம் முடியும்வரை பால்கனிக் கதவை வெளியே தாழ் போட்டு வைப்பார்கள். புகை வந்ததும் எல்லோரும் அந்தக் கதவுக்கு ஓடினார்கள், மிதிபட்டார்கள். அம்மா பெஞ்சு மேல் ஏறி நின்று பாட ஆரம்பித்தாள், அவர்கள் நிற்கட்டும் என்று. நின்றார்கள். அதனால்தான் சில பிள்ளைகளையாவது கைப்பிடிக்கு மேலே தூக்கிப் போட முடிந்தது. அவள் கடைசிவரை பாடிக்கொண்டிருந்தாள். போதுமா?

அங்கே போய் அந்தப் பாட்டைப் பாடாதே. உன் காலில் விழுகிறேன்.

லூவீனியா

ரிச்மண்ட்
18 ஏப்ரல் 1939

அன்புள்ள அக்கா,

கோபப்படாதே. போனேன். பாடினேன்.

ஓட்டலில் இடம் தரவில்லை. சவப்பெட்டிக் கடையும் பிணவறையும் வைத்திருக்கும் திரு. டோலிவரின் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி பொரித்த கெளுத்தியும் சோளரொட்டியும் வைத்து, "கடையில இருக்கிறவங்க ரொம்ப அமைதியானவங்க, பயப்படாதீங்க" என்றாள். மத்தியானக் காட்சி. கீழே வலப்பக்கம் முழுக்க நம்மவர்கள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகளோடு. மேலே பால்கனி கரி படிந்து காலியாகக் கிடந்தது. துடைக்கக்கூட இல்லை.

அம்மாவின் முதல் அடியைப் பாடி, வழக்கம்போல நிறுத்தினேன்.

மேலேயிருந்து பதில் அடி வந்தது.

மெல்லிய குரல், சுருதி சுத்தம். நான் மறந்துபோன சொற்கள் ஒவ்வொன்றும் அப்படியே. பியானோக்காரர் கை எடுத்துவிட்டார். முன் வரிசை வெள்ளைக்காரி ஒருத்தி எழுந்து, "மேல யார் இருக்கிறது? யாரை உள்ள விட்டீங்க?" என்று கத்தினாள். மானேஜர் வெளுத்துப்போய், "மேல போறதுக்கு வழியே இல்லைங்க, அம்மா" என்றார். நம்மவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பிகள் மட்டும் குனிந்தன. நான் அடுத்த அடியைப் பாடினேன். அதற்கும் பதில் வந்தது. முடிவுவரை வந்தது.

அக்கா, அது என்னோடு கிளம்பி வந்துவிட்டது. சவான்னாவில் வந்தது, சார்ல்ஸ்டனில் வந்தது. அரங்கத்தின் மேல்வரிசை எங்கே காலியாக இருக்கிறதோ அங்கிருந்து. பத்திரிகைகள் இரட்டைத் தொண்டைக்காரி என்று எழுதுகின்றன. இப்படி நான் வாழ்க்கையில் பாடியதே இல்லை. அம்மா என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

இங்கே இசைத்தட்டு ஒன்று பதிவுசெய்தோம். தனியாகத்தான் பாடினேன். அனுப்பியிருக்கிறேன், கேள்.

டெல்லா

சிகாகோ
30 ஏப்ரல் 1939

டெல்லா,

இசைத்தட்டைக் கேட்டேன். பெர்னிஸ் சீப்பும் கையுமாக நின்று, "கூடப் பாடுறது யாரு? சின்னப் பொண்ணாட்டம் இருக்கே" என்றாள். கடையைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன்.

அது அம்மா இல்லை. அம்மாவின் குரல் கனத்த குரல், உன்னுடையதைப் போல. அது நான்.

வீட்டில் பாடகி என்று பேர் எடுத்தவள் நான்தான், உனக்கு நினைவிருக்காது. அம்மா அடி எடுப்பாள், நான் பதில் பாடுவேன். அன்றும் அப்படித்தான். அவள் பெஞ்சு மேல் நின்று எடுத்தாள், பக்கத்தில் நின்று நான் பதில் பாடினேன். உன்னைக் கீழே போட்டபின் அம்மா பாடிக்கொண்டே என்னையும் தூக்கிப் போட்டாள். பதில் அடியில் பாதி என் வாயில் இருந்தது. தரையில் விழுந்தபோது வாயில் ஒன்றுமில்லை.

அதன்பிறகு பேச்சு வந்தது. பாட்டு வரவே இல்லை. சபையில் உதட்டை அசைப்பதோடு சரி. நான் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், டெல்லா. நீ அம்மாவின் குரலில் கூப்பிட்டாய், அது வந்துவிட்டது.

நீ பிரபலமானது எனக்குச் சந்தோஷம். ஆனால் அது என்னுடையது.

லூவீனியா

பால்டிமோர்
21 மே 1939

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று ஊர்களில் பதில் எழுதாமல் பாடினேன். மறைக்கவில்லை. அந்தக் குரல் இல்லாமல் மேடையில் நிற்க எனக்குத் துணிவில்லை. ஜனங்கள் என்னைக் கேட்க வருகிறார்களா, அதைக் கேட்க வருகிறார்களா?

நேற்று இங்கே பாடும்போது முதல்முறையாக அதை உன்னிப்பாகக் கேட்டேன். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அது மூச்சை இழுத்து, இருமலை அடக்கிக்கொண்டுதான் பாடுகிறது. இத்தனை நாள் எனக்கு அது கேட்கவில்லை. அக்கா, அது இன்னும் புகைக்குள் நிற்கிறது.

என்னால் முடியவில்லை. பாட்டை நடுவில் நிறுத்தினேன். முழு அரங்கமும் பார்க்க, மேலே அண்ணாந்து சொன்னேன்: "லூவீனியா, நான் அம்மா இல்லடி. நான் டெல்லா, உன் தங்கச்சி, வளந்துட்டேன். தீ அணைஞ்சாச்சு. நீ சிகாகோல இருக்கே. வீட்டுக்குப் போ."

பிறகு மேல்வரிசையில் யாரோ எழுந்துகொண்டதுபோல ஒரு நாற்காலி மடங்கும் சத்தம் கேட்டது.

மீதிப் பாட்டைத் தனியாகப் பாடினேன். சுமாராகத்தான் கை தட்டினார்கள். எனக்கு அதுவே போதும்.

அங்கே வந்ததா?

டெல்லா

சிகாகோ
26 மே 1939

டெல்லா கண்ணே,

வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஒரு வாடிக்கைக்காரிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். தொண்டை கரகரத்தது, இருமினேன், வாயில் கரியின் ருசி. வாய் திறந்தது, பாட்டு வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். தலை நரைத்த என் வாயிலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண்ணின் குரல். அந்த வாடிக்கைக்காரி பாதி வாரிய தலையோடு எழுந்து போய்விட்டாள். பெர்னிஸ் மட்டும் ஓடாமல் என் கையிலிருந்த சீப்பை வாங்கி வைத்துவிட்டு, "பாடுங்கக்கா, நிறுத்தாதீங்க" என்றாள்.

என் குரலை நானே மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அழகாகத்தான் பாடியிருக்கிறேன், டெல்லா. உன்னைவிடவும்.

ஆனால் அது வளரவில்லை. பதில் அடியை மட்டும் பாடுகிறது. பாடிவிட்டு நிறுத்திக் காத்திருக்கிறது. யாரும் எடுத்துக் கொடுக்காவிட்டால் என் வாயாலேயே என்னைக் கேட்கிறது, "அவ டெல்லான்னா, அம்மா எங்க?" என்று. வேலை செய்யும்போது கேட்கிறது, சாப்பிடும்போது கேட்கிறது. எனக்கு வேறு வேறு பேச்சைப் பேசிச் சமாளிக்கத்தான் தெரிகிறது. முப்பது வருஷம் உன்னிடம் அதைத்தானே செய்தேன்.

அம்மா வரமாட்டாள் என்று தனியாக என்னால் அதனிடம் சொல்ல முடியாது. அடுத்த ரயிலில் கிளம்பி வா. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து சொல்லுவோம்.

காத்திருக்கும்,
லூவீனியா